மிசுறு போய் வந்த வீடு

"இது மிசுறு தேசம் போய் வந்தவங்க வீடுதானே?"

வாசலில் நின்று அப்படிக் கேட்டவரின் தலையில் மரவள்ளிக் கீரைக் கட்டு இருந்தது. இடுப்பில் கோணிச் சாக்கைக் கிழித்துத் தைத்த கால்சட்டை. முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களிலும் புண் ஆறிய கறுப்பு வட்டங்கள். அந்த வட்டங்களை அப்போது நாங்கள் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்வோம். சயாம் போய் வந்த கால் அது.

நான் கூரை மேல் அத்தாப்பு ஓலை மாற்றிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்த பிறகு ஆணி கிடைக்காது. பிரம்பு நாரால்தான் கட்ட வேண்டும். பல்லில் கடித்திருந்த நாரைத் துப்பிவிட்டுக் கீழே பார்த்தேன்.

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் வீட்டைக் கடைக்காரர் வீடு என்பார்கள். வாடகை வசூலிக்க வருகிறவர் மூலை வீடு என்பார். மிசுறு வீடு என்று சொன்ன ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் என் மச்சான்.

"யாரு சொன்னா ஒங்களுக்கு?" என்றேன்.

"கடைக்கார பாய் சொன்னாரு. அங்க இருந்தப்ப."

அடுப்படியில் லாத்தா தேங்காய் துருவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

இந்தத் தொடரில் கப்பல்களையும் துறைமுகங்களையும் பற்றி நிறைய எழுதிவிட்டேன். வீடு என்று உமக்கு எதுவும் இல்லையா என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். இருந்தது. என் அக்காவின் வீடு. எங்களில் அக்காவை லாத்தா என்போம். அந்த வீட்டைப் பற்றி நினைத்தாலே எனக்கு இந்த மத்தியானம்தான் முதலில் வருகிறது. ஆகவே அதையே எழுதுகிறேன்.

ஒரே ஒரு பயணம்

மச்சான் பெயர் கபூர். நாகூர்ப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் மலாக்காவுக்கு வந்தவர். வந்து இறங்கியதோடு அவருடைய பயண ஆசை தீர்ந்துவிட்டது. அரிசி, பருப்பு, கருவாடு, மிளகாய் என்று காஜா பெராங்கில் மளிகைக் கடை வைத்தார். வடக்கே கிளேபாங் கடற்கரைதான் அவர் உலகத்தின் எல்லை. அங்கேயும் உப்பு வாங்கத்தான் போவார்.

நான் நேர் எதிர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கப்பல் சமையலறைகளில் வெங்காயம் உரித்து ஊர் சுற்றியவன். எப்போதாவது மலாக்காவில் இறங்கி லாத்தா வீட்டில் சில மாதம் சாப்பிடுவேன். மச்சான் தராசைத் துடைத்துக்கொண்டே கேட்பார்: "வாங்க மாப்ளே. இந்தத் தடவை எந்த ஊரு உங்களைத் தொரத்திச்சு?"

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்னால் அவருக்குக் கடை நன்றாக நடந்தது. லாத்தாவையும் மகள் மைமூனையும் அழைத்துக்கொண்டு ஹஜ்ஜுக்குப் போக ஏற்பாடு செய்தார். என்னையும் கூட்டிக்கொண்டார். எனக்குத் துறைமுக அரபு கொஞ்சம் தெரியும், மூட்டையும் தூக்குவேன் என்பதுதான் காரணம்.

ஹஜ்ஜு முடிந்ததும் எல்லோரும் ஊருக்குக் கப்பல் ஏறினார்கள். மச்சான் ஜித்தாவில் கரையில் நின்றபடி என்னிடம் கேட்டார்: "மாப்ளே, மிசுறு இங்கேயிருந்து எவ்வளவு தூரம்?"

எகிப்தைத்தான் நாங்கள் மிசுறு என்போம். பக்கம்தான் என்றேன்.

"மூசா நபி நடந்த ஊரு. இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்காமப் போனா எப்படி?"

லாத்தா முணுமுணுத்தாள். கடையை யார் பார்ப்பது, மைமூனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஊறுகாய் தீரப்போகிறது. மச்சான் அதற்குள் டிக்கெட் வாங்கப் போய்விட்டார். அப்படித்தான் எங்கள் குடும்பம் உல்லாசப் பயணம் போனது. அந்த வார்த்தையெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது.

ஃபிர்அவ்னைத் திட்டியவள்

கெய்ரோவிலிருந்து பிரமிடு வரைக்கும் டிராம் வண்டி ஓடியது. நம் ஊர் பஸ் போலச் சாதாரணமாக ஏறி உட்கார்ந்தோம். பிரமிடைப் பார்க்க டிராமா என்று மைமூனுக்கு ஒரே ஏமாற்றம். பாலைவனத்தில் ஒட்டகக் கூட்டத்தோடு நடப்போம் என்று நினைத்திருந்தாள்.

இறங்கியதும் மச்சான் ஒரு கல்லருகே போய் நின்று கையால் அளந்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார்.

"இந்த ஒரு கல்லு நம்ம கடை முழுக்க அடுக்கின அரிசி மூட்டை கனம். மேல வரைக்கும் எத்தனை கடை இருக்குன்னு பாரு."

எதைப் பார்த்தாலும் அவர் கடைக்கணக்கில்தான் பார்த்தார். நைல் நதியைப் பார்த்து, இதில் படகு வைத்தால் சரக்குக் கூலி மிச்சம் என்றார்.

ஒட்டகக்காரன் எங்களை விடவில்லை. லாத்தா ஏறமாட்டேன் என்று சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தள்ளி நின்றாள். மச்சான் ஏறினார். ஒட்டகக்காரன் அதட்டினான், உதைத்தான், வாலை இழுத்தான். ஒட்டகம் எழுந்திருக்கவே இல்லை. மச்சான் நல்ல கனம். கடைசியில் அது கழுத்தைத் திருப்பி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மணலில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது.

"இறங்குங்க. அதுக்கும் புள்ளைகுட்டி இருக்கும்" என்றாள் லாத்தா.

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய அரசனின் உடல் இருந்தது. தோல் கருவாடு போல உலர்ந்திருந்தது. எந்த அரசன் என்று யாருக்குத் தெரியும். லாத்தாவுக்கு அது மூசா நபியை விரட்டி வந்து கடலில் முங்கிய ஃபிர்அவ்ன்தான். பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான்தான் ஆண்டவன்னு சொன்னியே, இப்ப ஈ ஓட்டக்கூட ஆளில்லாமக் கெடக்கிறே பாரு. மூஞ்சியப் பாரு, செத்தும் திமிரு அடங்கல."

வெள்ளைக்காரப் பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ துவா ஓதுகிறாள் என்று நினைத்து ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றினார். மச்சான் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போய்விட்டார்.

அங்கிருந்து ரயிலில் தெற்கே லுக்சோர். அப்புறம் திரும்பி வடக்கே. பிறகு சூயசில் கப்பல் ஏறி ஊர்.

திரும்பி வந்த மச்சான் வேறு மனிதர். கடைக்கு வருகிறவர்கள் உப்புப் புளி வாங்கினாலும் மிசுறுக் கதையோடுதான் வாங்க வேண்டும். அடுத்த வீட்டுச் செட்டிப் பெண் எங்களோடு மலாயில்தான் பேசுவாள். மலாக்காச் செட்டிகளுக்குத் தமிழ் ஓரிரு வார்த்தைதான். அவளுக்குக்கூட மச்சான் தன் அரைகுறை மலாயில் பிரமிடு கட்டிக் காட்டினார். அவள் உருளைக்கிழங்கை வாங்கிக்கொண்டு ஓடப் பார்ப்பாள்.

மூன்று மாத வேலை

ஜப்பான்காரன் வந்தான். அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எங்கள் தெருவில் நடந்தது இவ்வளவுதான். முதலில் அரிசி போனது, பிறகு துணி, பிறகு சோப்பு. கடையின் பலகைகள் காலியாயின. மச்சான் அவற்றைத் தினமும் துடைத்து வைப்பார். வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு மூட்டையாக இருந்தாலும் வாங்கப் பொருள் இல்லை. மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு தின்றோம். மச்சானின் கனம் இறங்கி, பழைய சட்டை தோளில் தொங்கியது. இப்போது ஏறினால் ஒட்டகம் எழுந்துவிடும் என்று மைமூன் கேலி செய்வாள்.

அப்போது சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுத்தார்கள். மண் வெட்ட மட்டும் அல்ல, கூலிகளுக்குச் சாமான் அளந்து கொடுக்கக் கடை அனுபவம் உள்ளவர்களும் வேண்டும், மூன்று மாதம்தான், போகவர ரயில், குடும்பத்துக்கு அரிசி என்று சொன்னார்கள். யாரும் மச்சானைக் கழுத்தில் கத்தி வைத்துக் கூட்டிப்போகவில்லை. அவராகப் போனார்.

நான் அப்போது கிளேபாங்கில் கடல்நீரைக் காய்ச்சி உப்பு எடுத்து விற்றுக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டு வந்தேன். மச்சான் மிசுறுக்குக் கொண்டுபோன அதே தகரப் பெட்டியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தார். சலவை செய்த மூன்று சட்டை. தொழுகைப் பாய். ஒரு புட்டி எலுமிச்சை ஊறுகாய். காடு சுற்றிப் பார்க்கப் போகிறவரைப் போல ஒரு குடை.

"மச்சான், இது வேற மாதிரிப் பயணம்" என்றேன்.

"எல்லாம் ஒண்ணுதான் மாப்ளே. ரயில் ஏறுறோம், எறங்குறோம், பாக்குறோம், திரும்புறோம். சயாமுல பழைய காலத்துப் பட்டணம் ஒண்ணு இருக்காமே, காடு மண்டிக் கெடக்காம். முடிஞ்சா அதையும் பாத்துட்டு வர்றேன்."

வாழ்க்கையில் ஒரே ஒரு பயணம் போனவர். அதில் போன இடமெல்லாம் சோறு கிடைத்தது, படுக்கக் கட்டில் கிடைத்தது, கடைசியில் கப்பல் கொண்டுவந்து சேர்த்தது. பயணம் என்றால் திரும்பி வருவதும் அதில் சேர்ந்தது என்று அவர் நம்பிவிட்டார். என்னைப் போல நாலு துறைமுகத்தில் பசியில் படுத்தவன் ஸ்டேஷனுக்கு ஆள் ஏற்ற வந்த லாரியில் ஏறியிருக்கமாட்டான்.

லாத்தா வாசல் வரை வந்தாள். "ஊறுகாய வெயிலு படாம வைங்க" என்றாள். அவ்வளவுதான்.

வெள்ளைச் சேலை

மூன்று மாதம் போனது. அப்புறம் கணக்கு வைப்பதை நிறுத்திவிட்டோம். லாத்தா மரவள்ளியைத் துருவி, தேங்காய்ப்பாலும் மலாக்கா வெல்லமும் சேர்த்துப் பிங்கா சுட்டுச் சந்தைக்குக் கொண்டுபோனாள். அதுவரை கடைக்குள் வந்து நின்றும் அறியாதவள். இப்போது பாலத்துக் காவலில் நின்ற ஜப்பான்காரனுக்கு எல்லோரையும் போலக் குனிந்து வணங்கிவிட்டு, கூடையோடு போய் உட்கார்ந்து கூவி விற்றாள். அந்தக் கூடைதான் எங்கள் மூவர் வயிற்றையும் பார்த்துக்கொண்டது.

சயாமிலிருந்து கெட்ட செய்திகள் வந்தன. வாந்திபேதி, காடு, மழை. யார் பெயரும் சொல்லமாட்டார்கள். கூட்டமாகச் செத்தார்கள் என்பார்கள்.

சொந்தக்காரப் பெண்கள் மெல்ல ஆரம்பித்தார்கள். கபூர் போனவர் போனவர்தான். நீ இத்தா இருந்துவிடு.

புருஷன் மௌத்தானால், இறந்துபோனால், பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். வெளியே போகக்கூடாது. நகை, பூ, மருதாணி, வண்ணச் சேலை கூடாது. அதுதான் இத்தா. அவருக்காக அவள் கடைசியாகச் செய்கிற காரியம்.

"செய்தி வராம எப்படி இருக்கிறது?" என்றாள் லாத்தா. "நான் போய் மூலையில உக்காந்தா அவங்க செத்துட்டாங்கன்னு ஆயிடும். நானே கொன்ன மாதிரி."

துணியே கிடைக்காத காலத்தில் ஒரு பெரியம்மா எங்கிருந்தோ வெள்ளைச் சேலை கொண்டுவந்து பெட்டி மேல் வைத்துவிட்டுப் போனாள். லாத்தா அதை நாலாகக் கிழித்தாள். பிங்காவுக்குத் தேங்காய்ப்பால் பிழிய நல்ல துணி என்றாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இருந்ததிலேயே பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினாள். அடுத்த வீட்டுச் செட்டிப் பெண்ணிடம் மருதாணி இலை வாங்கி அரைத்து, மைமூனுக்குப் போட்டதோடு தன் கையிலும் போட்டுக்கொண்டாள். சந்தையில் அந்தச் சிவந்த கையால்தான் பிங்கா வெட்டிக் கொடுத்தாள். பார்த்தவர்கள் பார்த்தார்கள்.

முத்தையா சொன்னது

இப்போது வாசலில் நின்ற ஆளிடம் வருகிறேன். பெயர் முத்தையா. புக்கிட் ரம்பாய்ப் பக்கம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். சயாமிலிருந்து ஓடி, காடு காடாக ஒளிந்து நடந்து வந்தவர். பிடித்தால் திரும்ப அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் கீரை விற்கிற வேஷம்.

உள்ளே அழைத்து உட்காரவைத்தேன். சந்தையில் ஊர் ஆண்களோடெல்லாம் பேரம் பேசுகிற லாத்தா, அன்று உள் அறைத் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

முத்தையா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பாய் தவறிட்டாரு. சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்."

மைமூன் அப்போது வளர்ந்த பெண். அழவில்லை. அவருக்கு நேரே வந்து நின்றாள்.

"எந்த பாய்? சயாமுல ஆயிரம் பாய் இருப்பாங்க."

"கடைக்கார பாய், தாயி. கபூர் பாய். எங்க கொட்டாயிலதான் படுப்பாரு. சாமான் அளந்து குடுக்கிற வேலை. அளக்க ஒண்ணும் இல்லாமப் போச்சு, பொறவு அவரும் எங்களோட மண்ணு சொமந்தாரு. வேலை முடிஞ்சு வந்ததும் நாங்க கேப்போம், பாய், இன்னிக்கு எந்த ஊருன்னு. மிசுறு தேசத்துல விட்ட எடத்துலேருந்து சொல்லுவாரு."

"யாரு வேணும்னாலும் கபூர்னு சொல்லிக்கலாம்" என்றாள் மைமூன். "பிரமிடுக்கு நாங்க ஒட்டகத்துல போனதைச் சொன்னாரா?"

எனக்குப் புரிந்தது. அவரைப் பொய்யில் மாட்டவைக்கப் பார்க்கிறாள். இந்த ஆள் ஒரு இடத்தில் தப்பினால் போதும், இவர் பார்த்தது வேறு கபூர். வாப்பா உயிரோடு இருக்கிறார்.

"இல்லியே" என்றார் முத்தையா. "டிராமுல போனதாத்தான் சொன்னாரு. எங்களுக்கு ஒரே சிரிப்பு."

"உம்மா ஒட்டகத்துல ஏறினாங்களே, அது?"

"அம்மா ஏறலைன்னாரே. அவருதான் ஏறுனாராம். அது எந்திரிக்கவே இல்லியாம். 'என்னயத் தூக்குறதுக்குப் பதிலா சாவுறதே மேலுன்னு அதுக்குத் தோணிப்போச்சு'ம்பாரு."

ஒவ்வொரு சரியான பதிலும் மைமூனை ஒரு அடி பின்னால் தள்ளியது. விடவில்லை.

"கண்ணாடிப் பெட்டியில அரசன் இருந்தானே. அதைப் பாத்து உம்மா பயந்து அழுதாங்க."

"திட்டுனாங்கன்னு சொன்னாரு, தாயி."

நான் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. "லுக்சோர்ல?" என்றாள்.

முத்தையா தயங்கினார். திரைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

"அங்க பூமிக்கடியில ராசாமாரு கல்லறை இருக்காமே. படி எறங்கிப் போகணுமாம். பாயும் அம்மாவும் எறங்குனாங்களாம். அடியில போனதும் அம்மாவுக்கு மூச்சு முட்டி காலு வரலியாம். பாய் அவங்கள முதுகுல தூக்கிக்கிட்டு மேல ஏறுனாராம். பாதிப் படியில நின்னு, 'நம்ம கடைச் சக்கரை மூட்டையே மேல்'னு சொன்னாராம். அம்மா முதுகுல இருந்தபடியே அவரு மண்டையில குட்டுனாங்களாம்."

"பொய்!" மைமூன் கத்தினாள். முகம் மலர்ந்துவிட்டது. "அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. மாமா, நீங்க சொல்லுங்க. நாம கூட இருந்தோமே! உம்மா, இவரு பொய் சொல்றாரு. இது வேற யாரோ. வாப்பா இருக்காங்க!"

நான் யோசித்தேன். அன்று வெயில் தாங்காமல் மைமூனும் நானும் கழுதைக்காரனோடு வெளியே பாறை நிழலில் இருந்துவிட்டோம். உள்ளே போனவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

திரைக்குப் பின்னாலிருந்து லாத்தா பேசினாள்.

"நெசந்தான்."

மைமூன் திரைப் பக்கம் திரும்பினாள்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினாங்க" என்றாள் லாத்தா. குரலில் அழுகை இல்லை, கோபம் இருந்தது. "உன்கிட்டகூடச் சொல்லக்கூடாதுன்னு வாங்கின சத்தியம். அதையா போயி, அத்தனை ஆம்பளைங்க மத்தியில சொன்னாங்க!"

"தப்பாச் சொல்லலம்மா" என்றார் முத்தையா. "அன்னிக்கு எங்க வரிசையில ரெண்டு பேரு செத்துக் கெடந்தாங்க. தூக்க ஆளு வரல. எங்களச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாரு. சிரிச்சோம்மா."

பிறகு லாத்தா கேட்டாள், "நோம்பு வச்சாங்களா?"

"வச்சாரு. 'சோறே இல்லாத எடத்துல நோம்பு வைக்கிறது லேசு முத்தையா, நீயும் வச்சுப் பாரு'ம்பாரு."

"அடக்கினீங்களா? இல்ல, எரிச்சுட்டாங்களா?"

"பேதியில போனவங்கள மொத்தமாப் போட்டுக் கொளுத்துவானுங்க. நாங்க நாலு பேரு அவர மட்டும் தூக்கிட்டுப் போய்க் குழி வெட்டுனோம். எப்படி வைக்கணும்னு தெரியல. பொழுது சாயுற பக்கம் பாத்துத்தானே தொழுவாரு. மொகத்த அந்தப் பக்கம் திருப்பி வச்சோம்."

"சரியாத்தான் வச்சிருக்கீங்க" என்றாள் லாத்தா.

லெப்பையின் விரல்கள்

நான் போய் லெப்பையை அழைத்து வந்தேன். பள்ளிவாசலில் ஓதுகிறவர். இழுப்பு நோய்க்காரர். வாசல் ஏறுவதற்குள் மூன்று தடவை நின்றார். முத்தையாவிடம் கண்ணால் பார்த்தாயா என்று கேட்டார். குழியில் இறங்கிப் பிடித்தவன் நான் என்றார் முத்தையா.

"எப்போ?"

முத்தையாவுக்குத் தேதி தெரியாது. யோசித்துச் சொன்னார்.

"நோம்பு முடிஞ்சு பெருநாள்னு தொழுதாங்க. அதுக்கு அடுத்து வந்த அமாவாசைக்குப் போயிட்டாரு. மழையும் அப்பத்தான் விட்டுச்சு."

லெப்பை விரலை மடக்கினார். வாய்க்குள் மாதங்களை எண்ணினார். துல்கஃதா, துல்ஹஜ், முஹர்ரம், சஃபர். இப்போது நடக்கிற மவ்லூது மாதமும் பாதிக்கு மேல் போய்விட்டது. மடக்கிய விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு, திரையைப் பார்த்துச் சொன்னார்.

"தாயி, நாலு மாசம் பத்து நாளு தாண்டிருச்சு. மௌத்தான நாள்லேருந்துதான் கணக்கு, செய்தி வந்த நாள்லேருந்து இல்ல. உன் இத்தா முடிஞ்சு போச்சு."

"நான் இருக்கவே இல்லையே."

"தெரியாமப் போனாலும் முடிஞ்சது முடிஞ்சதுதான். குத்தம் இல்ல."

"பெருநாளுக்கு மருதாணி போட்டேனே. பச்சைச் சேலை கட்டினேன். சந்தையில கூவி வித்தேன். அதெல்லாம் இத்தாவுலயா?"

"உனக்குத் தெரியாதுல்ல. அல்லாஹ் பிடிக்கமாட்டான்."

"நான் குத்தத்தைக் கேக்கல லெப்பை." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "அவங்களக் குளிப்பாட்டல. போர்த்தக் கபன் துணி வாங்கல. மொகத்தப் பாக்கல. எனக்குன்னு செய்ய இருந்தது அது ஒண்ணுதான். அதையும் எனக்குத் தெரியாமலே எடுத்துட்டுப் போயிட்டீங்க."

லெப்பை மூச்சு வாங்கினார். கெட்டவர் அல்ல. "இது ஆண்டவன் லேசாக்கி வச்ச சட்டம் தாயி. நாளைக்கே நீ கூடைய எடுக்கலாம். நீ உக்காந்துட்டா இந்த வீட்டுல அடுப்பு எப்படி எரியும்?"

அவர் சொன்னது நியாயம்தான். நான்கு மாதம் அவள் உட்கார்ந்திருந்தால் நாங்கள் பட்டினிதான். என் உப்பு வியாபாரத்தில் ஒரு ஆள் வயிறே நிறையாது. ஆனாலும் அதுவரை இத்தா இருக்கமாட்டேன் என்று ஊரோடு சண்டை போட்டவள், அன்று அந்த இத்தாவைக் கேட்டாள். அது யாரும் கொடுக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

உடல் இல்லாமலே தொழுகிற ஜனாஸாத் தொழுகையை அங்கேயே தொழுதோம். லெப்பை முன்னால், நான் பின்னால். முத்தையா கைகட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். அடுத்த வீட்டுச் செட்டிப் பெண் விஷயம் தெரிந்து வந்து, லாத்தாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "சபார், காக், சபார்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பொறுத்துக்கொள் அக்கா என்று அர்த்தம். அவளுக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

கடல் ஊர்

லெப்பை போன பிறகு முத்தையாவுக்குப் பிங்கா கொடுத்தோம். கையில் வைத்துக்கொண்டிருந்தார், தின்னவில்லை. வெயில் சாய்வதற்குள் அவர் புறப்பட வேண்டும். ஆனாலும் எழுந்திருக்காமல் எதையோ சொல்ல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"என்னா வேணும் அண்ணே?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல. அந்தக் கல்லறைக்குப் பொறவு ஒரு கடல் ஊருக்குப் போனதாச் சொன்னாரு. அது ரொம்ப நல்ல ஊரு, நாளைக்கு நிதானமாச் சொல்றேன்னாரு. விடிஞ்சப்ப பேச்சு இல்ல." கீரைக் கட்டின் கயிற்றைத் திருகினார். "நடந்து வர்ற வழியெல்லாம் நெனைச்சுக்கிட்டே வந்தேன். அங்க என்னா இருந்திச்சு?"

இந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா என்று எனக்குச் சுருக்கென்றது. திரை விலகியது. லாத்தா வெளியே வந்து அவருக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"இஸ்கந்தரியா" என்றாள். "நீலம்னா அப்படி நீலம். வெள்ளைச் சுவரு வீடெல்லாம் தண்ணி வரைக்கும் எறங்கி வந்து நிக்கும்."

மச்சான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அலையில் நின்றதைச் சொன்னாள். கடல் தண்ணீரை உள்ளங்கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு பரவாயில்ல, ஆனா நம்ம கிளேபாங் உப்புதான் கருவாட்டுக்கு ஒத்து வரும்" என்று தீர்ப்புச் சொன்னதைச் சொன்னாள். சுட்ட சோளம் விற்றவனிடம் நான் பேசிய அரபைக் கேட்டு அவன் பாதி விலைக்குக் கொடுத்ததைச் சொன்னாள். எல்லாம் நடந்ததுதான். மைமூன்கூட ஒரு இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோளம் கருகியிருந்துச்சு" என்றாள்.

"பொறவு?" என்றார் முத்தையா.

"பொறவு ரயிலேறி பைத்துல் முகத்தஸ் போனோம்."

மைமூன் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

லாத்தா எங்களைப் பார்க்கவில்லை. அந்தப் புனித ஊரின் மதில்களைச் சொன்னாள். மதில் ஓரத்தில் ஆலிவ் எண்ணெய் விற்றவனிடம் மச்சான் தொட்டுப் பார்த்து, முகர்ந்து பார்த்து, கடைசியில் வாங்காமல் வந்ததைச் சொன்னாள். அங்கிருந்து ஷாம் நகரம். கடைத்தெருவே கூரை போட்டு மூடியிருக்கும், மழைக்குச் சாமான் நனையாது, நம் காஜா பெராங்கிலும் இப்படிச் செய்தால் என்ன என்று மச்சான் சொன்னாராம். அங்கிருந்து மணல் தாண்டிப் பக்தாது. பேரீச்சை மரத்தடியில் மச்சான் படுத்துத் தூங்கிவிட்டாராம். எழுப்ப மனசு வரவில்லையாம். அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டார்களாம்.

முத்தையா வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிங்கா கையிலேயே காய்ந்தது.

அந்த ஊர்களுக்கெல்லாம் வழி எனக்குத் தெரியும். கப்பலில் கூட வேலை செய்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இஸ்கந்தரியாவிலிருந்து நாங்கள் எங்கேயும் போகவில்லை. கையில் காசு தீர்ந்துவிட்டது. சூயசுக்கு வந்து கிடைத்த கப்பலில் ஏறி, வாந்தி எடுத்துக்கொண்டே நேராக ஊர் திரும்பினோம்.

மைமூன் ஏதோ சொல்ல வந்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பொறவு?" என்றார் முத்தையா.

லாத்தா அடுத்த ஊரின் பெயரைச் சொன்னாள். அப்படி ஒரு ஊர் இருப்பதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அங்கேயும் மச்சான் விலை கேட்டார், கேலி செய்தார், வெயிலுக்குக் குடை பிடித்தார். அந்தச் சாயங்காலம் கடைசிவரைக்கும் லாத்தா அவரை ஊருக்குக் கப்பல் ஏறவிடவே இல்லை.